போர்முலா 1 டயர் ஏன் 13 அங்குலத்திலிருந்து 18 ஆனது? நம் காருக்கும் பெரிய ரிம் போடலாமா?

தம்பி, நீங்கள் அலோய் ரிம் விலை கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காசு கொடுக்கும் முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

13, 18 என்பதெல்லாம் ரிம்மின் விட்டம், டயரின் முழு உயரம் இல்லை. 2021 வரை ஓடிய டயர் மொத்தம் 670 மில்லிமீற்றர் அளவில் இருந்தது, 2022இல் 720. ரிம் 127 மில்லிமீற்றர் பெருத்தும் டயர் 50தான் உயர்ந்தது என்றால், பக்கச் சுவர், அதாவது ரிம்முக்கும் தரையில் படும் பகுதிக்கும் இடையிலுள்ள ரப்பர், ஏறக்குறைய 170இலிருந்து 131ஆகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம் (வித்தியாசம் மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும்). பழைய டயரில் அந்தத் தடித்த சுவர்தான் சஸ்பென்ஷனின், அதாவது குலுக்கலைத் தாங்கும் அமைப்பின், வேலையில் பாதியைச் செய்தது. வளைவில் நெளியும், சூடேறும், காரைச் சுற்றிப் போகும் காற்றையும் குழப்பும். அதைக் குறைக்கத்தான் மாற்றினார்கள், அதுவும் சோதித்துப் பார்க்காமல் மாற்றவில்லை. போர்முலா 1க்கு டயர் கொடுக்கும் பிரெல்லி கம்பெனி 2019 செப்டம்பரிலேயே பிரான்சின் போல் ரிக்கார்ட் ஓடுபாதையில், இதற்கென்றே மாற்றியமைத்த ரெனோல்ட் காரில் சோதனையைத் தொடங்கிவிட்டது. 2020இல் போர்முலா 1க்கு அடுத்த நிலைப் போட்டியான போர்முலா 2இன் கார்கள் 18 அங்குலத்தில் ஓடின. போர்முலா 1க்கு 2021 என்று இருந்ததைக் கொரோனாதான் ஒரு வருடம் தள்ளியது. அணிகள் சஸ்பென்ஷனையே புதிதாக வடிவமைத்தன.

நான் கல்முனையில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். இன்ஜினியர் இல்லை, அதைச் சொல்லி மடக்க வருபவர்கள் கணக்கில் பிழை இருந்தால் காட்டட்டும். 2022இல் ஒருவர் 195/65 15 போட்ட காரைக் கொண்டுவந்து, 'ரேஸ் காரனே மாறிட்டான், எனக்கும் 17 போடு' என்று நின்றார். நான் சோக்கட்டி எடுத்துக் கடைத் தரையிலேயே எழுதிக் காட்டினேன்: முதல் எண் மில்லிமீற்றரில் அகலம், கடைசி எண் அங்குலத்தில் ரிம், 195இல் 65 வீதம் என்றால் சுவர் 127 மில்லிமீற்றர், அவர் கேட்ட 215/45 17இல் 97. மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுகிற ரப்பர் மூன்று சென்ரிமீற்றர் போய்விடும். அவர் தினமும் சவளக்கடைப் பக்கம் போய் வருகிறவர், மழை காலத்தில் தண்ணீருக்குள் குழி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஓடுபாதையில் அப்படி ஒரு குழி இருந்தால் போட்டியையே நிறுத்திவிடுவார்கள். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், மறுகா 15இலேயே நல்ல டயராகக் கேட்டு வாங்கிப் போனார். முதலாளிக்கு ரிம் வியாபாரம் போன கோபம். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் இப்போதும் இருக்கிறது.

பெரிய ரிம்மே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுகிறவர் போடட்டும்.

அப்புறம், எந்த சைஸ் வாங்கினாலும் சுவரில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1118 என்றால் 2018ஆம் ஆண்டின் 11ஆவது வாரம் செய்தது. என் மச்சானுக்கு 2024இல் வேறொரு கடையில் அந்த டயரைத்தான் புது விலைக்குக் கட்டிவிட்டார்கள். கேட்டதற்கு, 'ஓடாத டயர் புதுசுதானே' என்று பதில். ரப்பர் வைத்த இடத்திலேயே இறுகும், டயர் விற்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. பில்லோடு இரண்டாவது தரமும் போனார், மாற்றியும் தரவில்லை, காசும் தரவில்லை.