கெடுவும் இடமும்

அன்புள்ள ஐயா,

பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கடன் பத்திரம் ஒன்றைப் பற்றிப் படித்தேன். வாங்கியது 20 பவுண்டு, ஆனால் 40 பவுண்டு தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வட்டி பாவம் என்று கிறிஸ்தவத் திருச்சபை சொன்ன காலத்தில் இது எப்படிச் செல்லுபடியானது? பணத்தை இன்ன தேவாலயத்தில்தான் தர வேண்டும் என்று வேறு இருக்கிறது. அது ஏன்?

செ.

அன்புள்ள செ.,

அந்த 40 வட்டிக் கணக்கில் வராது, தண்டம். பத்திரத்தின் முன்பக்கம் '40 பவுண்டு கடன்பட்டிருக்கிறேன்' என்று மட்டும் சொல்லும். ஷரத்து பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும்: புனித மிக்கேல் திருநாளான செப்டம்பர் 29-க்குள், உதாரணமாக, 20 பவுண்டு கொடுத்துவிட்டால் இந்தப் பத்திரம் செல்லாது. நாள் தவறினால் முழு 40. தவறியதற்கான தண்டம் வட்டி ஆகாது என்று சபைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. அந்த 20-க்குள்ளேயே வட்டியையும் சேர்த்து எழுதியிருந்தால் கண்டுபிடிப்பது கடினம்.

கடன் கொடுத்தவருக்கு இதைவிட வசதி இல்லை. தனக்கு என்ன நஷ்டம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, முத்திரையிட்ட பத்திரத்தைக் காட்டினால் போதும். ஆனால் ஷரத்து வாங்கியவரையும் காப்பாற்றியது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஷரத்தே இல்லாத பத்திரம் எழுதிக் கொடுத்தவர், பணத்தைக் கட்டிவிட்டுப் பத்திரத்தைத் திரும்ப வாங்காமலோ முத்திரையிட்ட ரசீது இல்லாமலோ வந்துவிட்டால் தீர்ந்தது கதை. 'கொடுத்துவிட்டேன்' என்ற பேச்சை நீதிமன்றம் கேட்காது, இரண்டாம் முறையும் கட்ட வேண்டும். எனக்கு இன்றும் மனம் ஆறாத விதி அது. ஷரத்து இருந்தால், அதன்படி நடந்தேன் என்று வாதாடலாம்.

நிலத்தை வைத்து வாங்கும் கடன் இன்னும் கடுமை. நிலத்தையே கடன் கொடுப்பவர் பெயருக்கு எழுதி ஒப்படைத்துவிடுவார்கள், குறித்த நாளில் பணம் கொடுத்தால் கடன் வாங்கியவர் நிலத்துக்குள் திரும்ப நுழைந்து அதை எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு. ஒரு நாள் பிந்தினாலும் நிலம் போனது போனதுதான். நாள் கடந்த பிறகும் பணத்தைக் கட்டி நிலத்தை மீட்கலாம் என்பதை, நியாயத்தை வைத்துத் தீர்ப்பளித்த சான்சரி நீதிமன்றம் வழக்கமான உரிமையாக்கியது பதினேழாம் நூற்றாண்டில்தான். அதற்குள் எத்தனை குடும்பங்கள் நிலத்தை இழந்திருக்கும்!

அப்புறம் தேவாலயம். 1481-இல் இறந்த நீதிபதி தாமஸ் லிட்டில்டன் நில உரிமைகள் பற்றிய தன் நூலில் இதைச் சொல்கிறார். பணம் தர வேண்டிய இடம் எழுதப்படாவிட்டால், கடன் வாங்கியவர்தான் கொடுத்தவரைத் தேடிப் போக வேண்டும், அவர் இங்கிலாந்துக்குள் எங்கே இருந்தாலும். கெடு நாளன்று கொடுத்தவர் ஊரில் இல்லையென்றால் என்ன செய்வது? அதனால் இடத்தைக் குறித்து எழுதிக்கொள்வது நல்லது என்கிறார் லிட்டில்டன். தேவாலயம் என்றால் ஊரார் எல்லாருக்கும் தெரிந்த இடம், சாட்சிக்கும் ஆள் இருக்கும். அந்த நாளில் பணத்தோடு அங்கே போய் நின்றால் கடன் வாங்கியவர் தன் கடமையைச் செய்தவர் ஆகிறார். நில அடமானத்தில், நீட்டிய பணத்தைக் கடன் கொடுத்தவர் வாங்க மறுத்தால் நிலமும் அவர் கைவிட்டுப் போகும், அந்தப் பணத்தைக் கேட்கவும் வழியில்லை. நீங்கள் படித்த பத்திரத்தில் தேவாலயத்தின் பெயரைச் சேர்க்கச் சொன்னது கடன் வாங்கியவராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.