பைஇன்ஸ்டாலர் ஃபைல் உபுண்டு 20.04-ல் "ஜிலிப்சி_2.35 நாட் ஃபவுண்ட்" என்று நிற்கிறது

பைஇன்ஸ்டாலர் (பைத்தான் கோடை நேரா ஓடும் ஃபைலா கட்டித் தரும் கருவி) வச்சு உபுண்டு 22.04-ல் பில்ட் பண்ணின ஃபைல் 20.04-ல் ஓடாது. உபுண்டு 20.04 டாக்கர் கன்டெய்னருக்குள் (மெஷினுக்குள்ளேயே தனியா ஓடும் சூழல்) மறுபடி பில்ட் பண்ணுங்க.

பைஇன்ஸ்டாலர் பைத்தானைக் கூடவே கட்டி அனுப்பும், ஜிலிப்சியை (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) அனுப்பாது. அது பயனரோட மெஷினில் இருக்கிறதுதான்: 22.04-ல் 2.35, 20.04-ல் 2.31. பழையதில் கட்டினது புதியதில் ஓடும், தலைகீழா நடக்காது.

ரெண்டு மெஷினிலும் 'எல்டிடி --வெர்ஷன்' அடிங்க, முதல் வரிக் கடைசியில் எண் இருக்கும். பிழைச்செய்தியில் '_எம்இஐ' ஃபோல்டரும் (ஃபைல் ஓடும்போது தன்னை விரிக்கும் தற்காலிக இடம்) லிப்பைத்தானும் (பைத்தானின் ஷேர்ட் லைப்ரரி) தெரிஞ்சா காரணம் இதுவேதான்.

ஒண்ணு கவனிங்க: 20.04-ல் வருவது பைத்தான் 3.8. கோடில் மேட்ச்-கேஸ் இருந்தா 3.10 வேணும். பையென்வ் (வேறவேற பைத்தான் வெர்ஷன்களை ஏத்தும் கருவி) வழியா அதை ஏத்தும்போது '--இனேபிள்-ஷேர்ட்' கொடுங்க, லிப்பைத்தான் இல்லாம பைஇன்ஸ்டாலர் நகராது. ஆல்பைன் லினக்ஸில் இருப்பது ஜிலிப்சி இல்ல, மஸ்ல் என்கிற வேற சி லைப்ரரி; அதுக்குத் தனி பில்ட்.