ஒரே இரவில் வெளுத்த ஹலிமீடா: கால்சியம் பாட்டில் வாங்க வேண்டுமா?

கேள்வி: என் கடல்நீர் மீன்தொட்டியில் பவளங்களுக்கிடையே செழித்திருந்த, சுண்ணாம்புத் தட்டுகளை மாலைபோலக் கோத்தாற்போன்ற ஹலிமீடா பாசி, முந்தைய இரவு பச்சையாக இருந்து, காலையில் முழுவதும் வெள்ளையாகிவிட்டது, தண்ணீரும் கலங்கியிருந்தது. கால்சியம் பற்றாக்குறைதான் காரணம் என்று கடைக்காரர் ஒரு விலையுயர்ந்த திரவத்தைப் பரிந்துரைக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கால்சியம் குறைந்தால் புதிய தட்டுகள் வருவது நின்றுபோகுமே தவிர, பாசி முழுவதும் ஒரே இரவில் வெளுத்துவிடாது. நீங்கள் கண்டது இனப்பெருக்கம். எத்தனை தட்டுகள் கோத்திருந்தாலும், ஹலிமீடா என்பது குறுக்குச் சுவர்கள் இல்லாத நுண்குழாய்களால் ஆன ஒரே உயிரணுதான். பருவம் வந்ததும் அது தன்னிடமுள்ள உயிர்ப்பொருளை இனச்செல்களாக மாற்றி விடியற்காலையில் நீரில் விட்டுவிட்டு, வெறும் சுண்ணாம்புக் கூடாக மிஞ்சுகிறது. தட்டுகளின் ஓரங்களில் கடுகினும் சிறிய கரும்பச்சை மணிகள் திரள்வதே இதன் முன்னறிகுறி. அதைக் கண்டவுடன் அந்தக் கொத்தை எடுத்துவிட்டால் தண்ணீர் கலங்காது. இப்போது கூட்டை அகற்றி, ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, புதிய ஆக்டிவேட்டட் கரியை வடிகட்டியில் இட்டு, காற்றோட்டத்தைச் சற்றுக் கூட்டினால் போதும்.

அடித்தட்டுகள் மட்டும் மெல்ல வெளுத்துவந்தால் அது வேறு செய்தி: மேல்கிளைகளின் நிழல் விழுந்து கீழே வெளிச்சம் எட்டவில்லை, கத்தரிக்கும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: எங்கே, எப்படிக் கத்தரிப்பது?

பதில்: தட்டுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள கணுவில். தட்டுகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. கணுவிலோ படியாததால் அது நார்போல வளைந்து கொடுக்கும். கிளையை இரு விரல்களால் லேசாக வளைத்தாலே கணு எங்கிருக்கிறது என்று தெரிந்துவிடும். முனை வளைந்த சிறு கத்தரிக்கோலால் அங்கே நறுக்கினால் காயம் விரைவில் அடைபடும், தட்டின் நடுவே வெட்டினால் உயிர்ச்சாறு கசிந்து அந்தக் கிளையே வாடக்கூடும். ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக எடுப்பதே நல்லது. அதற்கு முன் பம்புகளை நிறுத்திவிட வேண்டும். மிதந்துசென்ற துண்டு ஒன்று பவளத்தின் இடுக்கில் சிக்கினால் அங்கேயே வேர்விட்டுக்கொள்ளும். நறுக்கியவற்றை வெளியேற்றும்போது அவை உறிஞ்சிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்தே போய்விடுகின்றன என்பதால், இந்தப் பாசியை வளர்ப்பதன் பாதிப் பயன் கத்தரிப்பதில்தான் இருக்கிறது என்பேன்.

புதிய தட்டுகள் பெரும்பாலும் இரவில் வெளிறிய நிறத்தில் முளைத்து, பொழுது விடியும்போது பச்சையாகின்றன. விளக்கு எரியும் முன் நுனியில் வெளிறிய தட்டைக் கண்டு நோய் என்று வெட்டிவிட வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் எதற்குத்தான் பணம் செலவிடுவது?

பதில்: முதலில் பரிசோதனைக் கிட்டுகளுக்கு. காரத்தன்மை, கால்சியம், மக்னீசியம் மூன்றையும் அளக்காமல் எந்தத் திரவத்தை ஊற்றினாலும் அது குருட்டு வைத்தியம்தான். கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு), மக்னீசியம் 1,250 முதல் 1,350 பி.பி.எம். என்று நிலையாக இருந்தால் ஹலிமீடாவுக்கும் பவளத்துக்கும் போதுமானது. பாசி வேகமாக வளரும் தொட்டியில் முதலில் சரிவது பெரும்பாலும் காரத்தன்மைதான். அதை ஒரு நாளில் ஒரு டி.கே.எச்.-க்கு மேல் உயர்த்தக் கூடாது. சிறிய தொட்டி என்றால், பவளத் தொட்டிக்கென விற்கும் தரமான ரீஃப் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து வாரம் பத்து சதவீதம் மாற்றுவதே பல சமயங்களில் போதும், பாட்டிலே தேவைப்படாது. கால்சியம் ஒன்றிலும் காரத்தன்மை கூட்டும் திரவம் மற்றொன்றிலுமாக வரும் இரண்டு பாட்டில் முறையை வாங்கினால் இரண்டையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு வெண்புகையாகத் திரண்டு காசு வீணாகும். பாஸ்பேட் மிகுந்தால் சுண்ணாம்பு படிவதே தடைபடும் என்பதால், மீனுக்கு இரை அளவோடு போடுங்கள்.

மறுபடி ஹலிமீடா வாங்கும்போது, அது அடியில் பற்றி ஊன்றிக்கொள்ளும் பற்றுப்பகுதியைப் பாருங்கள். மணலில் வளரும் இனங்களுக்கு அடியில் மணல் திரண்ட கிழங்கு போன்ற பகுதி இருக்கும். அது அறுந்த செடி எளிதில் ஊன்றாது. பாறையில் வளர்வதைச் சிறு கல்லோடு வாங்குவது நல்லது. ஆனால் அந்தக் கல்லில் தொட்டியில் களையாகப் பரவும் பிரையாப்சிஸ் பாசியோ குமிழ்ப் பாசியோ ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். கடலிலிருந்து பெயர்த்த பவளப்பாறைத் துண்டை மட்டும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, வாங்குபவரும் குற்றவாளியாவார்.

கேள்வி: வெளுத்த பாசிக்குப் பணம் திரும்பக் கேட்கலாமா? 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சிட்டிருக்கிறார்கள்.

பதில்: அந்த வரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. குறையுள்ள பொருளை, ரசீதில் கூறிய கெடுவுக்குள், கெடு ஏதும் இல்லையெனில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஆனால் உங்கள் தொட்டியில் நன்கு வளர்ந்து, தன் இயல்பால் இனப்பெருக்கம் செய்து மடிந்த பாசியைக் குறையுள்ள சரக்கு என்று சொல்வது நியாயமாகாது. கிழங்கறுந்த செடியை நல்லதென்று விற்றிருந்தால் கதை வேறு. தொட்டியில் இறக்கும் முன் எடுத்த படமும் ரசீதும் கையில் இருக்க, கடையில் கேட்டும் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.