வாசகர் கேள்வி: சிவப்புப் புள்ளி சொல்லும் வயது

கேள்வி: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில் தெரியும் மங்கலான சிவப்புப் புள்ளி, பிரபஞ்சத்தின் இளமைக் காலத்தைச் சேர்ந்த கேலக்ஸிதான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

பதில்: ஒரே இடத்தைப் பல வடிகட்டிகளில் (ஒவ்வொன்றும் குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் விடும்) படமெடுப்பார்கள். 0.1216 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த அலைநீள ஒளியை வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடும். பிரபஞ்சம் விரிவதால் அந்த எல்லை நீண்ட அலைநீளத்துக்கு நகரும். இந்த நகர்வின் அளவுதான் சிவப்புப்பெயர்ச்சி; அது அதிகமானால் கேலக்ஸி அவ்வளவு தொலைவில், அவ்வளவு பழைய காலத்தில் இருக்கிறது. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 கேலக்ஸியில் அது 1.85 மைக்ரான் அருகே வருகிறது. அதைவிடக் குறைந்த அலைநீளங்களில் கேலக்ஸி தெரிவதே இல்லை.

படம் மட்டும் போதாது. சியர்ஸ்-93316 என்ற கேலக்ஸியின் சிவப்புப்பெயர்ச்சி 16 இருக்கும் என்று படத்தை வைத்துச் சொன்னார்கள். ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து நிறமாலை எடுத்தபோது 4.9தான். தூசியும் வலுவான ஆக்சிஜன், ஹைட்ரஜன் உமிழ்வுக் கோடுகளும் (சில அலைநீளங்களில் மட்டும் பிரகாசமாகத் தெரியும் ஒளி) சேர்ந்து அப்படி ஒரு தோற்றத்தைத் தந்துவிட்டன.

முதலில் சொன்ன கேலக்ஸியிலோ ஆல்மா தொலைநோக்கி ஆக்சிஜனையே கண்டது. பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகளுக்குள் ஆக்சிஜன்! ஆக்சிஜன் நட்சத்திரங்களுக்குள் உருவாவது என்பதால், அதற்கு முன்பே பெரிய நட்சத்திரங்கள் பிறந்து வெடித்திருக்க வேண்டும்.