மூன்று கர்ப்பம், மூன்று மருத்துவமனை

கேள்வி: எனக்கு வயது 32. பெங்களூரு அல்சூரில் கணவர், மாமியாருடன் வசிக்கிறேன். மூன்று முறை கரு கலைந்துவிட்டது. முதலாவது நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாவது வாரத்தில். ஜெயநகரில் டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தார்கள். இரண்டாவது இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஹெப்பாளில். அங்கும் டி அண்ட் சி செய்து, கர்ப்பப்பையின் வடிவத்தில் சந்தேகம் இருப்பதாகவும் 3டி ஸ்கேன் எடுத்து வரும்படியும் சொன்னார்கள். மறுபடி போகவில்லை. மூன்றாவது இந்த ஆண்டு, கர்ப்பத்தின் ஐந்தாவது மாதத்தில், ஒயிட்ஃபீல்டில். உறவினர் கண்ணில் படக்கூடாது என்று கணவர் ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்கு அழைத்துப் போனார். கடைசி இடத்தில் முதல் கர்ப்பம் என்றே படிவத்தில் எழுதினார். மாமியாருக்கு மூன்றாவது மட்டும்தான் தெரியும். ஸ்கூட்டரில் அலுவலகம் போனதால்தான் கலைந்தது, வேலையை விடு என்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். ஸ்கூட்டரில் அலுவலகம் போய் வருவதால் கரு கலைவதில்லை. படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில், சகோதரி. நீங்கள் கேட்காமல் விட்டதைத்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

முதல் கர்ப்பம் என்று படிவத்தில் எழுதினார் என்கிறீர்கள். அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு ஸ்கூட்டருக்குப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. ஒயிட்ஃபீல்டு மருத்துவர் உங்களை முதல்முறை கருவுற்ற பெண்ணாகத்தான் பார்த்திருப்பார். இரண்டு முறை கலைந்தாலே காரணம் தேடத் தொடங்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய மருத்துவர்களின் வழிகாட்டுதல். உங்களுக்கு மூன்று கலைந்த பிறகும் யாரும் தேடவில்லை. தேடவிடாமல் தடுத்தது நீங்கள் இருவரும்தான். கணவர் அந்தப் படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை?

ஹெப்பாளில் எழுப்பிய சந்தேகம் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பெண் தாய் வயிற்றில் இருக்கும்போது இரண்டு குழாய்கள் ஒன்றுசேர்ந்து கர்ப்பப்பை உருவாகிறது. சேர்ந்ததும் நடுவில் இருக்கும் சுவர் கரைந்துபோக வேண்டும். சிலருக்குக் கரையாமல் நின்றுவிடும். சிலருக்குக் குழாய்களே சரியாகச் சேராமல் மேற்பகுதி இரண்டாகப் பிளந்திருக்கும். சாதாரண ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். கர்ப்பப்பையின் வெளிவடிவத்தையும் காட்டும் 3டி ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்தால்தான் பிரித்தறிய முடியும். பிரித்தறிவது முக்கியம்: நடுச்சுவரை வயிற்றைத் திறக்காமலே, கர்ப்பப்பை வாய் வழியாக மெல்லிய கருவியைச் செலுத்தும் ஹிஸ்டரோஸ்கோபி மூலம் அகற்றலாம், பிளவுபட்ட கர்ப்பப்பைக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படுவதில்லை.

சுவர் இருப்பது உறுதியானாலும் உடனே அறுவைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். 80 பெண்களைச் சேர்த்து நடந்து 2021-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், சுவரை அகற்றியவர்களுக்குக் கூடுதலாகக் குழந்தை பிறக்கவில்லை. அது சிறிய ஆய்வு. மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு ஏன் பரிந்துரைக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

ஐந்தாவது மாத இழப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். வலி எடுத்துப் பிறகு கலைந்ததா, வலியே தெரியாமல் கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டதா? இரண்டாவது என்றால் வாய் பலவீனமாக இருக்கலாம். அடுத்த கர்ப்பத்தில் 12 முதல் 14 வாரத்துக்குள் தையல் போடுவதா என்று மருத்துவர் முடிவெடுப்பார். இரண்டு முறை டி அண்ட் சி ஆகியிருப்பதால் உள்ளே தழும்பு ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. மாதவிலக்கு முன்பைவிடக் குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஒரே மருத்துவர் வேண்டும்; அவர் கையில் மூன்று ஃபைலும் இருக்க வேண்டும். தைராய்டு, இரத்தம் உறையும் தன்மை போன்றவற்றை அவரே சோதிக்கச் சொல்வார். குரோமோசோம் சோதனை வேண்டுமென்றால் கணவரும் இரத்தம் கொடுக்க வேண்டும்.

மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் இரண்டு இழப்பை மறைத்தீர்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கர்ப்பமும் ஒரு ஸ்கூட்டரும்தான். அதை வைத்து அவர் வேறு என்ன சொல்ல முடியும்? வீட்டில் இருக்கும் பெரியவரிடம் சொல்லி அழக்கூட இடமில்லாமல் துக்கத்தை ஒளித்து வைப்பதைக் குடும்ப மானம் என்று நான் ஏற்கமாட்டேன். குடும்பம் என்று ஒன்று இருப்பதே இந்த மாதிரி நாளுக்குத்தான். மூன்றையும் சொல்லுங்கள். கர்ப்பப்பையின் வடிவத்தில் கோளாறு இருந்தால் அது நீங்கள் பிறக்கும் முன்பே உண்டானது என்பதையும் சொல்லுங்கள். சொல்ல வேண்டியது உங்கள் கணவர்; அவருடைய அம்மா அவர்.

அலுவலகத்திலும் மறைத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். கரு கலைந்தால் சான்று காட்டி ஊதியத்துடன் ஆறு வார விடுப்பு எடுக்கலாம். மகப்பேறு நலச் சட்டம் 1961-லேயே தந்த உரிமை அது. ராஜினாமாவைப் பற்றி யோசிக்கும் நீங்கள் அந்த விடுப்பை எடுத்தீர்களா?

இப்போது முதலில் செய்ய வேண்டியது ஃபைல்களைத் திரட்டுவது. உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதி. ஜெயநகர் ஃபைல் போயிருக்கலாம், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். ஹெப்பாள் ஃபைல் இன்னும் இருக்க வேண்டும். தள்ளிப்போட்டால் அதுவும் கிடைக்காது. நீங்கள் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மூன்று இடத்துக்கும் அலைந்து அவற்றை வாங்கி வர வேண்டியவர் உங்கள் கணவர். ஒயிட்ஃபீல்டில் தாம் எழுதியது தவறு என்பதையும் அவரே அங்கு சொல்லித் திருத்தட்டும்.