மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் க்ளெய்மில் ஜி35 போட்டால் ஏன் திரும்பி வருகிறது? டாக்டர் வெறும் 'எம்.எஸ்.' என்று எழுதியிருந்தால் எந்தக் கோடு போடுவது?

நீங்கள் கேட்டிருப்பது, மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.) நோய்க்கான அமெரிக்க இன்சூரன்ஸ் க்ளெய்ம் பற்றி. அந்த விதிப்படி, ஜி35 என்ற ஒற்றை நோய்க் குறியீடு (கோடு) 2025 அக்டோபர் 1 முதல் செல்லாது. 2015-இல் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் கோடுப் பட்டியல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பத்து ஆண்டுகள் அது ஒன்றே போதுமாக இருந்தது. அதற்கு முந்தைய பட்டியலான ஐசிடி-9 காலத்திலும் 340 என்ற ஒரே எண்தான். கை பழகிப்போனதால் இன்னமும் பலர் ஜி35 என்று தட்டிவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இப்போது வகை சொல்லியாக வேண்டும். விட்டுவிட்டுத் தாக்கும் ரிலாப்சிங் ரெமிட்டிங் வகைக்கு ஜி35.ஏ. தொடக்கம் முதலே மெல்ல மெல்ல முற்றும் ப்ரைமரி ப்ரோக்ரெசிவ் வகைக்கு ஜி35.பி. விட்டுவிட்டு வந்த நோய் பிற்பாடு முற்றத் தொடங்கினால் அது செகண்டரி ப்ரோக்ரெசிவ், ஜி35.சி. பின்னிரண்டுக்கும் கடைசியில் ஓர் இலக்கம் சேர வேண்டும்: நோய் ஆக்டிவ் (அண்மையில் புதிய தாக்குதலோ எம்ஆர்ஐயில் புதிய புண்ணோ உண்டு) என்றால் 1, இல்லையென்றால் 2, டாக்டர் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்றால் 0. வகையே எழுதப்படாத எம்.எஸ். என்றால் ஜி35.டி. ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடிப் பதில் ஜி35.டி.

தேதியில் ஒரு சங்கடம் உண்டு. க்ளெய்மை என்றைக்கு அனுப்புகிறீர்கள் என்பது கணக்கே இல்லை. நோயாளி என்றைக்கு வந்தார் என்பதுதான் கணக்கு. 2025 செப்டம்பர் 30 வருகைக்குப் பழைய ஜி35, மறுநாள் வருகைக்குப் புதியது. உள்நோயாளி என்றால் டிஸ்சார்ஜ் ஆன தேதியைப் பார்க்க வேண்டும்.

ஜி35.டி தவறான கோடு இல்லை. ஆனால் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. எம்.எஸ். மருந்துகள் விலை மிக்கவை. பெரும்பாலானவற்றுக்கு இன்சூரன்சிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு ரிலாப்சிங் வகைகளுக்கு மட்டும்தான் ஒப்புதல் இருக்கிறது. செகண்டரி ப்ரோக்ரெசிவ் அதில் சேர வேண்டுமானால் அது ஆக்டிவாக இருக்க வேண்டும். ஆகவே கடைசி இலக்கம் 1-ஆ 2-ஆ என்பதில் நோயாளியின் மருந்தே தொங்கிக்கொண்டிருக்கலாம். 0 போட்டு அனுப்பினால் இன்சூரன்ஸ் பக்கம் டாக்டரின் நோட்டைக் கேட்பார்கள். நோட்டிலும் அந்தச் சொல் இருக்காது.

இங்கேதான் நோட்டைப் படித்துக் கோடு போடும் கோடர்களுக்குக் கை அரிக்கும். எம்ஆர்ஐ அறிக்கையில் புதிய புண் ஒன்று கான்ட்ராஸ்ட் ஏற்றபின் ஒளிர்கிறது என்று இருக்கும். மருத்துவ வரையறைப்படி அது நோய் ஆக்டிவாக இருப்பதற்கான அடையாளம்தான். இருந்தாலும் அதைப் படித்துவிட்டு நீங்களாக ஜி35.சி1 போடக் கூடாது. சிகிச்சை தரும் டாக்டர் அப்படி எழுத வேண்டும். மருந்தை வைத்து வகையை ஊகிப்பதும் அப்படித்தான். ஒக்ரெலிசுமாப் என்ற எம்.எஸ். மருந்து ஏறுகிறது, அதனால் ரிலாப்சிங் என்று ஒருவர் முடிவு கட்டுவார். அந்த மருந்துக்கு 2017-இலேயே ப்ரைமரி ப்ரோக்ரெசிவ் வகைக்கும் சேர்த்து ஒப்புதல் கிடைத்துவிட்டது.

'எம்.எஸ். ஆக இருக்கலாம்' என்ற நோட்டுகளில் இன்னும் கவனம் தேவை. புறநோயாளி வருகையில் சந்தேகம், வாய்ப்பு, இருக்கலாம் போன்ற சொற்களை வைத்து நோயைக் கோடு செய்ய விதி இடம் தருவதில்லை. பதிலாக, உறுதியாகத் தெரிந்த நோயையோ அறிகுறியையோ கோடு செய்ய வேண்டும். கண் நரம்பு அழற்சி என்று டாக்டர் எழுதியிருந்தால் ஹெச்46 குடும்பத்தில் பொருந்துவது, கை மரத்து ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்றால் ஆர்20.2. உள்நோயாளி டிஸ்சார்ஜில் விதி நேர்மாறு. அங்கே சந்தேகத்தையும் உறுதியானதுபோல மருத்துவமனை கோடு செய்யலாம். என்னைக் கேட்டால் இந்த ஒரு விதியை மற்றெல்லாவற்றையும்விடக் கறாராகப் பின்பற்ற வேண்டும். எம்.எஸ். என்ற பெயர் ஒருவருடைய பதிவில் ஏறிவிட்டால் இறக்குவது லேசில்லை.

மருந்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பில்லிங்கில் பணம் கசியும் இடங்கள் வேறு. ஒக்ரெலிசுமாபுக்கான மருந்துக் கோடு ஜே2350, ஒரு மில்லிகிராமுக்கு ஒரு யூனிட் என்ற கணக்கு. 600 மில்லிகிராம் ஏற்றினால் 600 யூனிட். 1 என்று போட்டால் ஒரு மில்லிகிராமுக்குத்தான் காசு வரும். குப்பி 300 மில்லிகிராம் என்பதால் இரண்டு குப்பியில் மிச்சம் இருக்காது. அரசு இன்சூரன்சான மெடிகேருக்கு அதையும் கோடோடு ஜேஇசட் என்ற ஈரெழுத்துக் குறி (மோடிஃபையர்) போட்டுச் சொல்ல வேண்டும்.

நேரம் இன்னும் நுணுக்கம். மருந்து ஏற்றும் வேலைக்கான கோடு முதல் ஒரு மணி நேரத்துக்கு 96413, கூடுதல் மணி ஒவ்வொன்றுக்கும் 96415. கடைசித் துண்டு அரை மணியைத் தாண்டினால்தான் அதற்கு ஒரு யூனிட். பத்தரைக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்தது என்று நர்ஸ் எழுதியிருந்தால் 96415 இரண்டு யூனிட், 2.01 என்று எழுதியிருந்தால் மூன்று. முடிந்த நேரம் எழுதப்படவே இல்லையென்றால் ஆடிட்டில் உங்கள் பக்கம் பேச ஆள் கிடையாது.

96413 கீமோதெரபிக்கான கோடும் ஆயிற்றே என்று புதிதாக வருபவர்கள் நோய்க் கோடாக இசட்51.11 அல்லது இசட்51.12 போட்டுவிடுகிறார்கள். அவை புற்றுநோய்ச் சிகிச்சைக்கானவை. இங்கே முதலில் வர வேண்டியது ஜி35 வரிசையில் உள்ள கோடுதான்.

டாக்டரிடம் விளக்கம் கேட்டு குவெரி அனுப்பும்போது 'ஆக்டிவ் என்று போட்டுக்கொள்ளட்டுமா, அனுமதி கிடைக்கும்' என்று எழுதாதீர்கள். பதிலை ஊட்டிவிடும் குவெரி ஆடிட்டில் நிற்காது. பணப் பேச்சே அதில் வரக் கூடாது. நோட்டில் உள்ள எம்ஆர்ஐ விவரத்தைக் குறிப்பிட்டு, 'எம்.எஸ். எந்த வகை, தற்போது ஆக்டிவா இல்லையா, தீர்மானிக்க இயலவில்லையா' என்று எல்லா வாய்ப்பையும் வைத்துக் கேளுங்கள். பிசியான டாக்டர் என்றால் வருகைக்கு முன்பே அவருடைய டெம்ப்ளேட்டில் இந்த இரண்டு கேள்விகளையும் சேர்க்கச் சொல்லிவிடுவது உத்தமம்.

திரும்பி வந்த பழைய க்ளெய்ம்களைப் பொறுத்தவரை, க்ளெய்மைச் சரிபார்த்து இன்சூரன்சுக்கு அனுப்பும் இடையிலுள்ள கிளியரிங்ஹவுஸிலேயே நின்றிருந்தால் கோடைத் திருத்திப் புதிதாக அனுப்பலாம். தனியார் இன்சூரன்ஸ் வாங்கிப் பதிவு செய்து டினை பண்ணியிருந்தால் (மறுத்திருந்தால்), முன்பு அனுப்பியதற்கு மாற்று என்று காட்டும் ஃப்ரீக்வென்சி கோடு 7 போட்டு, அவர்கள் தந்த க்ளெய்ம் எண்ணையும் சேர்த்துத் திருத்திய க்ளெய்மாக அனுப்புங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே வந்ததுதான் என்று டூப்ளிகேட் காரணம் காட்டி மறுபடியும் திருப்பிவிடுவார்கள்.