வாசகர் கேள்வி பதில்: சித்தப்பாவின் வால்வு ஆம்ப்ளிஃபையர்

கோபிசெட்டிபாளையம் வாசகர் ஒருவர் எழுதுகிறார்: என் சித்தப்பா 1970-களில் கோபி, சத்தியமங்கலம் வட்டாரத்துக் கல்யாண வீடுகளிலும் கோயில் நோம்பிகளிலும் மெல்லிசைக் குழுவோடு கிட்டார் வாசித்தவர். அவர் பயன்படுத்திய வால்வு ஆம்ப்ளிஃபையர் முப்பது ஆண்டுகளாகப் பரண்மேல் கிடந்து, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை; உள்ளூர் ரேடியோ மெக்கானிக் ஒருவர் கட்டிக் கொடுத்ததாம். ஈசிசி 83, ஈஎல் 84, ஈஇசட் 81 என மூன்று வால்வுகள் இருக்கின்றன. சால்டரிங் எனக்கு ஓரளவு வரும். பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?

செருகாதீர்கள். முப்பது ஆண்டுகள் சும்மா கிடந்த பெட்டியில் ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் (டி.சி. மின்சாரத்தைச் சீராக்குபவை) உள்ளே இருந்த ரசாயனக் கலவை காய்ந்து போயிருக்கும். அவற்றுக்கு முழு வோல்டேஜையும் ஒரேயடியாகக் கொடுத்தால், அவை அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்து, தாங்கள் கெடுவதோடு ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வையும் (உங்கள் பெட்டியில் ஈஇசட் 81), அதற்குப் பின்னால் இருக்கும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கெப்பாசிட்டர் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு இணையானது கடையில் கிடைக்காது. ஆகவே வால்வைவிட, கெப்பாசிட்டரைவிட, பெட்டிக்குள் இருக்கும் இரும்பை, அதாவது டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றுவதே உங்கள் முதல் வேலை.

முதலில் பெட்டியைத் திறந்து பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பல்லி முட்டை ஓடும், மரச்சட்டத்தின் அடியில் கரையான் மண்ணும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வால்வுகளின் கண்ணாடியில், பெரும்பாலும் உச்சியில், கண்ணாடி போலப் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு ஒன்று இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வுக்குச் சிகிச்சை இல்லை. பூச்சு வெள்ளி நிறமாகவே இருந்தால், வால்வு முப்பது வருடம் சும்மா இருந்ததனால் மட்டும் கெட்டிருக்காது.

பிறகு மாற்ற வேண்டியவை சொற்பம். ஃபில்டர் கெப்பாசிட்டர்களுக்கு 450 வோல்ட் தாங்குபவற்றைப் போடுங்கள். பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையும் என்று சிலர் முதல் கெப்பாசிட்டருக்கு 220 மைக்ரோஃபாரடு போடுவார்கள். ஈஇசட் 81 வால்வு 50 மைக்ரோஃபாரடுக்கு மேல் தாங்காது. ஈசிசி 83-க்கும் ஈஎல் 84-இன் கிரிட்டுக்கும் (சிக்னல் நுழையும் முனை) இடையில் உள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் மெழுகுக் காகித வகையாக இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிட்டு, அதே மதிப்பில் 630 வோல்ட் பாலியெஸ்டர் ஒன்றைப் போடுங்கள். இரண்டு கால் பிளக் இருந்தால், மூன்று கால் பிளக்கும் புது ஒயரும் போட்டு, எர்த் ஒயரைச் சேஸிஸில் (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) நட்டு போல்ட்டால் இறுக்குங்கள். மெயின் லைனிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கெப்பாசிட்டர் போகுமானால் அதை வெட்டி எறியுங்கள். அது ஷார்ட் ஆனால், கிட்டார் தந்தியில் கையும் மைக்கில் உதடும் வைத்து நிற்பவர் உடல் வழியாகவே மின்சாரம் இறங்கும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் சீரீஸ் பல்பு (மெயின் லைனில் தொடராக இணைத்த பல்பு) வழியாகவே கொடுங்கள். பழைய ஃபிலமென்ட் குண்டு பல்புதான் வேண்டும். கடைக்காரர் எடுத்து நீட்டும் எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டால், பல்பு எரியாமலோ, இழை லேசாகச் சிவந்தோ இருக்க வேண்டும். வால்வுகளைச் செருகி ஸ்பீக்கரையும் இணைத்துப் போட்டால், முதலில் பளிச்சென்று எரிந்து பிறகு மங்க வேண்டும். மங்காமல் பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்துவிட்டு ஷார்ட்டைத் தேடுங்கள்.

அணைத்ததும் கையை உள்ளே விடக்கூடாது. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர், "கரண்டு போயிருச்சுன்னு நெனைக்காதீங்க தம்பி, அது உள்ளார உக்காந்திருக்குதுங்க" என்பார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடுவது வீரமல்ல. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரு பக்கமும் காப்பிட்ட ஒயரும் கிளிப்பும் கட்டி வைத்துக்கொண்டு, அதைச் சில விநாடிகள் இணைத்து, மீட்டரில் வோல்டேஜ் இறங்கிவிட்டதைப் பார்த்த பின்பே தொடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் பல்பை நீக்கி நேரடியாகக் கொடுத்து, ஈஎல் 84-இன் கத்தோடு முனையிலிருந்து சேஸிஸுக்குப் போகும் ரெசிஸ்டரில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளந்து பாருங்கள். ரெசிஸ்டர் 150 ஓம், விழுவது 7.5 வோல்ட் என்றால் 50 மில்லி ஆம்பியர் ஓடுகிறது; அதில் சிறு பங்கு ஸ்கிரீன் கிரிட் என்ற இன்னொரு முனைக்குப் போய்விடுவதால், பிளேட்டில் 250 வோல்ட் இருக்கும்போது இது அந்த வால்வின் எல்லையான 12 வாட்டுக்குள் அடங்கும். 10 வோல்ட் காட்டினால் வால்வு வெந்துகொண்டிருக்கிறது. கிரிட்டில் மீட்டரை வைத்து, பூஜ்யத்துக்குப் பதில் பாசிட்டிவ் வோல்டேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கப்ளிங் கெப்பாசிட்டர்தான் குற்றவாளி. அளவு சரியாக இருந்தால் வேறு எதையும் மாற்றாதீர்கள்.

திருப்பூர் வாசகர்: வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவலாமா?

வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். கான்டாக்ட் கிளீனரை அடித்து இருபது முறை திருகுங்கள். அப்படியும் கரகரத்தால் கண்ட்ரோலின் முனையில் டி.சி. வோல்டேஜ் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வந்தால், கோபி வாசகருக்குச் சொன்ன கப்ளிங் கெப்பாசிட்டர் கதைதான் இங்கும்.

பொள்ளாச்சியிலிருந்து, தென்னந்தோப்பு வீட்டில் இருக்கும் வாசகர்: சரிசெய்து வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபையர் பகலில் நன்றாகப் பாடுகிறது. இரவு பத்து மணிக்கு மேல் வால்வுகள் அதிகமாக ஒளிர்கின்றன. உறுமலும் எப்போதும் இருக்கிறது. இரண்டும் ஒரே கோளாறா?

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பக்கத்துத் தோட்டங்களின் மோட்டார்கள் எல்லாம் நின்ற பிறகு உங்கள் லைனில் எத்தனை வோல்ட் வருகிறது என்று ஓர் இரவு அளந்து எழுதி வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் 220 வோல்ட் முனையில் ஒயர் கட்டியிருந்து, லைனில் 250 வந்தால், வால்வுகளின் ஹீட்டருக்குப் போக வேண்டிய 6.3 வோல்ட் ஏறத்தாழ 7.2 ஆகிவிடும். பத்து சதவீத ஏற்ற இறக்கம் வரைதான் அவை தாங்கும்; இது அதைத் தாண்டிவிட்டது. பல பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் 240 வோல்ட் முனை ஒன்று சும்மா இருக்கும். ஒயரை அதற்கு மாற்றினால் போதும். இல்லையென்றால் ஸ்டெபிலைசர் வையுங்கள்.

உறுமலுக்குக் கிட்டாரையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தடித்த ஆறாவது தந்தியின் மூன்றாம் கட்டத்தை அழுத்தி மீட்டினால் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதோடு ஏறக்குறைய ஒட்டி நின்றால் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது ஃபில்டர் கெப்பாசிட்டர் வேலை செய்யவில்லை. ஒரு ஸ்தாயி கீழே ஒலித்தால் அது 50 ஹெர்ட்ஸ். ஹீட்டர் ஒயர்கள் முறுக்கப்படாமல் தளர்வாக ஓடுகின்றனவா, ஹீட்டர் சுற்றின் நடு முனை சேஸிஸில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நடு முனை இல்லாவிட்டால், ஹீட்டரின் இரு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டரைச் சேஸிஸுக்குக் கட்டினால் அதே பயன் கிடைக்கும்.

கோவை கணபதி வாசகர்: ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருந்ததைக் கவனிக்காமல் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஒற்றை ஈஎல் 84 உள்ள பெட்டி. எங்கள் தெருவில் பம்ப் மோட்டார் காயில் கட்டுபவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுக்கலாமா?

இதே தவற்றை இருபது வயதில் நானும் செய்தேன். கருகிய வார்னிஷ் நாற்றம் இன்னும் மூக்கில் நிற்கிறது. ஸ்பீக்கர் இல்லாதபோது பிரைமரியில் (வால்வுப் பக்கக் காயில்) எழும் வோல்டேஜ் இன்சுலேஷனையே துளைத்துவிடும்.

கொடுக்கலாம். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று ஜி.டி. நாயுடு 1941-ல் அறிவித்த ஊர் உங்களுடையது. காயில் கட்டும் கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் அவர் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். பழைய கம்பியைப் பிரிக்கும்போது எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றிலும் எத்தனை சுற்று, பிரைமரிக்கு நடுவே செகண்டரி (ஸ்பீக்கர் பக்கக் காயில்) எங்கே நுழைகிறது என்பதை நோட்டில் எழுதுங்கள். எண்ணிக்கை தவறிப்போனால், 5,000 ஓம் பிரைமரிக்கும் 8 ஓம் ஸ்பீக்கருக்கும் சுற்றுகளின் விகிதம் 25-க்கு 1 என்பதை வைத்துச் சரிபார்க்கலாம்.

பெரும்பாலும் தவறு நேர்வது கம்பியில் அல்ல, தகட்டை அடுக்கும்போதுதான். மெயின் டிரான்ஸ்ஃபார்மரில் ஆங்கில ஈ (E) வடிவத் தகடுகளை ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் மாற்றி மாற்றி அடுக்குவார்கள். ஒற்றை வால்வு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஈ தகடுகள் அனைத்தும் ஒரே பக்கமும், ஐ (I) தகடுகள் அனைத்தும் எதிர்ப்பக்கமும் நிற்க, நடுவில் மெல்லிய காகிதம் ஒன்று இருக்கும். பிரைமரியில் டி.சி. இடைவிடாமல் ஓடுவதால் இரும்பு காந்தத்தால் நிறைந்துபோகாமல் காப்பது அந்தக் காகிதத்தின் இடைவெளிதான். காயில் கட்டுபவர் கைப்பழக்கத்தில் மாற்றி அடுக்கிவிட்டால் பேஸ் ஒலி செத்துவிடும். பிரிக்கும்போது அந்தக் காகிதத் துண்டு கீழே விழும்; குப்பை என்று யாரும் கூட்டித் தள்ளுவதற்குள் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.